தகடு ஏற முதல், பில்லில் யார் பெயர் என்று பாருங்கள்

எங்கள் வீட்டுக் கூரையில் ஒன்பது சோலர் தகடுகள் பத்து மாதம் சும்மா கிடந்தன. வெயில் பட்டது, மாரி மழை பட்டது, காகம் எச்சமிட்டது, தகட்டுக்குக் கீழே அணில் கூடு வைத்துக் குட்டியும் போட்டது. எங்களுக்கு மட்டும் ஒரு யூனிட்டாலும் பிரயோசனம் வரவில்லை. வீதியால் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து "ரீச்சர் வீட்டில இனி கரண்ட் பில் இல்லைத்தானே" என்று கேட்கும்போது சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன், உள்ளே பற்றி எரியும். கிட்டத்தட்டப் பத்து லட்சம் ரூபாயைக் கூரையில் காயப் போட்டுவிட்டு, மாதாமாதம் பில்லும் கட்டிக்கொண்டு, அடகு வைத்த சங்கிலிக்கு வட்டியும் கட்டிக்கொண்டிருந்த கதை இது. போன கிழமை எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒரு இளம் ஆசிரியர், "கொட்டேசன் எடுத்திட்டன் அக்கா, சனிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கப் போறன்" என்றார். கரண்ட் பில் யாருடைய பெயரில் வருகிறது என்று கேட்டேன். "அப்பப்பாண்ட பேரிலதான்" என்றார். அப்பப்பா எங்கே என்றேன். "அவர் செத்துப் பதினஞ்சு வருசம்." அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சோலர் ஆசை எனக்கு எப்படி வந்தது என்பதை யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990இல் கரண்ட் போனபோது எனக்குப் பத்து வயது. குப்பி விளக்கில்தான் படித்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலை மாறி மாறிச் சுற்றி, டைனமோவில் ரேடியோ போட்டுச் செய்தி கேட்ட வீடு எங்களுடையது. அப்புறம் கரண்ட் வந்தது, 2013இல் கிளிநொச்சியில் இருந்து சுன்னாகத்துக்கு இழுத்த உயர் அழுத்த லைனோடு தேசிய மின்வலையிலும் சேர்ந்தோம், இனி பயமில்லை என்று நினைத்தோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அதற்குப் பிறகு 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறி, எங்கள் வீட்டுப் பில் ஒன்பதாயிரத்தைத் தொட்டது. அம்மாவும் நானும் இரண்டு பிள்ளைகளும்தான் வீட்டில், இவர் கட்டாரில். இருட்டுப் பயமும் பில் பயமும் ஒன்றாகச் சேர்ந்த நேரத்தில்தான் அந்தத் தம்பி வந்தார்.

தம்பி என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு சோலர் கம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை அவருக்கு, தகடு கூரைக்கு ஏறினால் அவருடைய கொமிசன் வந்துவிடும், மீற்றர் வந்தாலென்ன வராவிட்டாலென்ன. இது எனக்கு அப்போது புத்தியில் ஏறவில்லை. 2024 செப்டெம்பரில் வந்து மேசையில் கல்குலேட்டரைப் போட்டு, 5 கிலோவாட் போட்டால் ஒரு நாளைக்கு 25 யூனிட், மாதம் 750, உங்கள் பாவனை 170 போக 580 மிச்சம், அதை மின்சார சபை வாங்கும், யூனிட்டுக்கு 27 ரூபா, மாதம் பதினைந்தாயிரத்துக்கு மேல் கையில் என்று அடித்துக் காட்டினார். மொத்தச் செலவு 9 லட்சத்து 85 ஆயிரம். "இந்தக் கிழமைக்குள்ள நாலு லட்சம் கட்டினியள் எண்டால் இந்த விலை ரீச்சர், அடுத்த கிழமை டொலர் என்ன செய்யுமோ தெரியாது." என்னிடம் சீட்டுக் காசு ஒன்றரை லட்சம் இருந்தது. மிச்ச இரண்டரைக்கு என் தாலிக்கொடி தவிர்த்து இருந்த பெரிய சங்கிலியை அடகு வைத்தேன். இவரிடம் போனில் சொன்னேன், "நீர் பாத்துச் செய்யும்" என்றார். நானும் பார்த்துத்தான் செய்தேன், கல்குலேட்டரைப் பார்த்து.

அந்தக் கணக்கிலேயே இரண்டு ஓட்டை இருந்தது. ஒரு கிலோவாட் தகடு எங்கள் ஊர் வெயிலுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் அளவில்தான் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 5 கிலோவாட்டுக்கு 20. நல்ல வெயில் மாதத்தில் கொஞ்சம் கூடலாம், ஐப்பசி கார்த்திகையில் மப்பும் மழையுமாக இருக்கும்போது நன்றாகக் குறையும். 25 என்பது ஒரு நல்ல நாளில் கிடைப்பது, அதை 30ஆல் பெருக்கக் கூடாது. இரண்டாவது ஓட்டை அந்த 27 ரூபா. அது கல்லில் வெட்டிய விலை இல்லை. 2016இல் கூரைச் சோலருக்கான அரசின் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15 ரூபா 50 சதம் என்று இருந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு 37 ஆக்கினார்கள், 2024 யூலையில் 27 ஆகிவிட்டது. ஒப்பந்தம் எழுதியவருக்கு எழுதிய விலைதான் ஓடும், புதிதாக வருகிறவருக்குப் புது விலை. அதாவது கொட்டேசனில் இருக்கிற விலைக்குப் பெறுமதி இல்லை, மின்சார சபையோடு நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் இருக்கிற விலைதான் விலை. இதன் வலி பின்னால் வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிச்சக் கரண்டுக்குக் கணக்குப் பார்க்க முக்கியமாக மூன்று விதமான முறை இருக்கிறது. நெற் மீற்றரிங் என்றால் நீங்கள் அனுப்பும் மிச்ச யூனிட் அடுத்த மாதத்துக்குக் கணக்கில் போகும், காசு வராது. நெற் அக்கவுண்டிங் என்றால் பாவித்தது போக மிச்சத்துக்குக் காசு. நெற் பிளஸ் என்றால் தகடு தருவது முழுவதையும் விற்றுவிட்டு, வீட்டுப் பாவனைக்கு வழமைபோல் பில் கட்டுவது. என்னுடைய கொட்டேசனில் எந்த முறை என்றே எழுதியிருக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. வாயால் சொன்னது எதுவும் தாளில் இல்லை என்றால் அது சொல்லப்படாதது மாதிரித்தான். எத்தனை தகடு, என்ன மொடல், தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேர்ட்டர் எந்தக் கம்பனி எந்த மொடல், வற் வரி சேர்ந்த விலையா, விண்ணப்பத்தை யார் கொடுப்பது, திருப்பி அனுப்பினால் யார் திருத்துவது, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

அட்வான்ஸ் கட்டி ஐந்தாம் நாள் வங்கிக்குப் போனேன். சோலருக்குக் குறைந்த வட்டியில் கடன் உண்டு என்று தெரிந்துதான் முழு யோசனையுமே தொடங்கியது, எட்டு லட்சம் எடுத்து முதலில் நகையை மீட்பது என்பது என் திட்டம். கடன் பிரிவில் இருந்த பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்ரி, நாங்கள் கம்பனிக்குத்தான் நேராக் குடுப்பம், உங்கட கையில தர மாட்டம். நீங்கள் ஏற்கெனவே கட்டின காசுக்கு இந்தக் கடன் இல்லை. மின்சார சபைன்ர அனுமதிக் கடிதம், புறபோமா இன்வொய்ஸ், வீட்டு உறுதி, கடைசிப் பில், எல்லாம் ஒரே பேரில கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றது. நான்கு லட்சம் கட்டின பற்றுச்சீட்டை ஏதோ கெட்டித்தனம் செய்த மாதிரி நீட்டியபடி நின்ற எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வங்கிக்கு வங்கி இது மாறலாம், ஆனால் சலுகைக் கடன், மானியம் என்ற பெயரில் எங்கே என்ன கிடைப்பதாக இருந்தாலும் முதலில் அனுமதி, பிறகுதான் செலவு. செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு போனால் வாசலோடு திருப்பிவிடுவார்கள்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கம்பனிக்காரர் "அனுமதி எல்லாம் சும்மா ஒரு போமாலிற்றி, நாங்கள் தகட்டைப் போட்டிட்டு எடுப்பம்" என்றார்கள். ஒக்ரோபரில், மழைக்கு முதல் வேலையை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டு ஏற்றினார்கள். எங்களுடையது ஓட்டு வீடு, பனஞ் சிலாகை. ஓட்டைக் கழற்றி மரத்தில் கொளுவி வைத்துப் பூட்ட வேண்டிய இடத்தில், இரண்டு மூன்று இடத்தில் ஓட்டைத் துளைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முதல் மழைக்கே அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஒழுக்கு. மேசனைப் பிடித்துத் திருத்த 18 ஆயிரம். வேலை நடக்கும்போது வீட்டில் ஆள் நிற்க வேண்டும், நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன், அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். தகட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் இலக்கத்தை மேலே ஏற்ற முதல் போட்டோ எடுத்து வைக்கவும் யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு பைலுக்கும் வொறண்டிக்கும் அந்த இலக்கம் தேவைப்பட்டு, ஒரு பெடியனுக்கு இரண்டாயிரம் கொடுத்துக் கூரைக்கு ஏற்றித் தகட்டுக்கடியில் போனை நுழைத்து எடுப்பித்தேன். அணில் குட்டி போட்டிருக்கிற விசயமும் அப்போதுதான் தெரிய வந்தது. அணில் வயரைக் கடிக்கும், தகட்டைச் சுற்றி வலை அடிக்கச் சொல்லுங்கள்.

இனி வருவது நான் வெட்கப்படுகிற பகுதி. தகடு போட்டு முடித்த அன்று, வேலை செய்ய வந்த பெடியள் இன்வேர்ட்டரைப் போட்டுவிட்டு "ரெஸ்ற்றுக்குக் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பச்சை விளக்கு எரிந்தது. போனில் அப் ஒன்று போட்டுத் தந்தார்கள், இன்றைக்கு 11 யூனிட், இன்றைக்கு 14 யூனிட் என்று பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். மூன்று கிழமை. மாதக் கடைசியில் மீற்றர் பார்க்க வருகிறவர் வந்து, இலக்கத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, கூரையையும் பார்த்தார். வழமையாக 170 வரும் வீட்டில் 341 யூனிட். பில் பதினாறாயிரத்துச் சொச்சம். "ரீச்சர், இந்த மீற்றர் ஒரு பக்கத்து மீற்றர். வாறதையும் போறதையும் சேத்துத்தான் எண்ணும். நீங்கள் லைனுக்குக் குடுத்த கரண்டுக்கு நீங்களே காசு கட்டுறியள். அதைவிட, அனுமதி இல்லாமல் லைனில பூட்டி ஓட்டக் கூடாது, உடனே நிப்பாட்டுங்கோ." சாதாரண டிஜிற்றல் மீற்றர் பலதும் அப்படித்தானாம், எந்தத் திசையில் ஓடினாலும் முன்னுக்கே எண்ணும். இரு திசைக்கும் தனித்தனியாக எண்ணுகிற மீற்றர் பூட்டி, மின்சார சபை ஆட்கள் பார்த்து இணைத்த பிறகுதான் இன்வேர்ட்டரைத் தொட வேண்டும். அன்று நிறுத்திய சுவிட்ச் அடுத்த ஓகஸ்ட் வரைக்கும் நிறுத்தியபடிதான்.

அதே கிழமை விண்ணப்பமும் திரும்பி வந்தது. இரண்டு காரணம். ஒன்று, பூட்டியிருக்கிற இன்வேர்ட்டர் மொடல் மின்சார சபை ஏற்றுக்கொள்கிற பட்டியலில் இல்லை. அதே கம்பனியின் வேறு மொடல் இருக்கிறது, இது இல்லை, கடைசி எழுத்து ஒன்று வித்தியாசம். இரண்டு, பில் இருக்கிற பெயர்காரர் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பில் அப்பாவின் பெயரில். அப்பா 2011இல் போய்விட்டார்.

அன்று இரவு கனடா அக்காவுக்கு எடுத்து அழுதேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளை, இதைத்தான்ரி நானும் செய்தனான்" என்றார். எனக்குத் தெரியாத கதை. ரொறன்ரோவில் அவர்களுடைய வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸ் குளிருக்குள் பழுதாகி, ஹீற் பம்ப் போட்டிருக்கிறார்கள். அது வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடுகிற சாமான், கோடையில் அதுவே ஏசி மாதிரி மறுவளமாக ஓடும். கனடா மத்திய அரசு 2021இல் தொடங்கிய கிரீனர் ஹோம்ஸ் மானியத்தில் இந்த மாதிரி வேலைகளுக்கு 5,000 டொலர் வரை திருப்பித் தந்தார்கள். ஆனால் சாமான் பூட்ட முதல் அதற்கென்று இருக்கிற ஆலோசகர் வந்து வீட்டை அளந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும், பூட்டின பிறகு இன்னொரு தரம் வந்து பார்க்க வேண்டும், பூட்டுகிற மொடலும் அவர்களுடைய பட்டியலில் இருக்க வேண்டும். அக்கா பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்கள் என்று முதலில் பூட்டிவிட்டு, பிறகு ஆலோசகரைக் கூப்பிட்டிருக்கிறார். முந்தின அறிக்கை இல்லை, ஆகவே காசும் இல்லை. 2024 தொடக்கத்தில் புது விண்ணப்பமும் எடுக்காமல் விட்டார்கள். அத்தான் என்ன சொல்வாரோ என்று வெளியில் சொல்லாமலே இருந்திருக்கிறார். "உனக்கு முதலே சொல்லியிருந்தால் நாலு லட்சம் மிஞ்சியிருக்கும்" என்று அவர் அழ, நான் தேற்றவேண்டி வந்தது. சொல்லாமல் இருப்பது குடும்ப வியாதி போல.

இனிப் பெயர் மாற்றம். யாழ்ப்பாணத்தில் பில் செத்தவர் பெயரிலும், வெளிநாடு போனவர் பெயரிலும், வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயரிலும் வருகிறது, பில் கட்டுகிற வரைக்கும் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீடு அம்மாவின் சீதனம். 2006இல் என் கல்யாணத்தோடு அம்மா எனக்கு நன்கொடை உறுதி எழுதினார், தன்னுடைய சீவிய உரித்தை வைத்துக்கொண்டு. ஆகவே உறுதியில் நான், அனுபவிப்பது அம்மா, பில்லில் அப்பா. எனக்கு மாற்றுவதற்கு அம்மா சம்மதக் கடிதம் தரவேண்டும். அம்மா தர மறுத்தார்! சண்டை ஒன்றும் இல்லை, பாவம், வேறு காரணம். "கொப்பாண்ட பேர் இனி வேற எதில கிடக்கு? அந்தத் துண்டு ஒண்டுதான் மாசாமாசம் அவற்ற பேரோட வீட்டுக்கு வருது." பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு பில்லையும் அடுக்கி நூல் கட்டி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார், நான் ஏதோ கணக்குப் பார்க்க வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்தக் கடிதத்தை வாங்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது, அவசரப்படுத்தவும் மனம் வரவில்லை.

பிறகு எழுத்துப் பிழை. அப்பாவின் தகப்பன் பெயர் கந்தையா. எண்பதுகளில் லைன் எடுத்தபோது ஆங்கிலத்தில் பழைய முறைப்படி 'சி' எழுத்தில் தொடங்கி எழுதியிருக்கிறார்கள். இறப்புச் சான்றிதழில் 'கே'. என்னுடைய உறுதியில் அம்மாவின் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். இரண்டு விதமாக எழுதிய பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி, விதானையாரிடம் வதிவிட உறுதிப்படுத்தல், பிரதேச செயலகத்தில் மேலொப்பம், நோத்தாரிசிடம் உறுதியின் உண்மைப் பிரதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு அரை நாள் லீவு, மொத்தம் எட்டு அரை நாள். இதெல்லாம் எந்த அலுவலகத்தின் பிழையும் இல்லை, நாற்பது வருடமாக நாங்கள் செய்யாமல் விட்ட வேலை. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிற வீடென்றால் அவருக்காக நீங்கள் கையெழுத்து வைக்க அற்றோர்னித் தத்துவம் எழுதி எடுக்கவேண்டும், அதில் மின் இணைப்பு, சோலர் ஒப்பந்தம் என்று குறிப்பிட்டே எழுதச் சொல்லுங்கள், வெறுமனே "வீட்டைப் பராமரிக்க" என்று எழுதிய தத்துவத்தோடு வந்து திரும்பிப் போன ஒரு ஐயாவை வரிசையில் சந்தித்தேன். காசு வந்து விழப்போகிற வங்கிக் கணக்கும் அதே பெயரில், அதே எழுத்தில் இருக்கட்டும்.

அதே வரிசையில்தான் ரான்ஸ்போமர் விசயமும் தெரிந்தது. ஒரு ரான்ஸ்போமரில் இவ்வளவு சோலர்தான் ஏற்றலாம் என்று அளவு இருக்கிறது. ஒழுங்கையில் முன்னுக்குப் போட்டவர்கள் அந்த இடத்தைப் பிடித்திருந்தால் உங்களுக்குக் குறைத்துத்தான் கிடைக்கும், அல்லது காத்திருக்க வேண்டும். உங்கள் இணைப்பின் அளவைவிடப் பெரிதாகவும் போட முடியாது. எனக்கு முன்னால் நின்றவர் 10 கிலோவாட் தகடு வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டு, ஒற்றைப் பேஸ் 30 அம்பியர் இணைப்போடு வந்திருந்தார். 230ஐ 30ஆல் பெருக்கினால் 7 கிலோவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு, பிறகு எப்படி 10 ஏறும்? மூன்று பேஸ் எடுக்க அவருக்கு இன்னொரு பைல். என்னுடைய நல்ல காலம், எங்கள் ஒழுங்கையில் இடமிருந்தது.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்த கதை. பகல் பதினொரு மணி தாண்டி, நல்ல வெயில். எங்கள் தகடு வேலை செய்யாதது எங்களுக்குத் தெரியும், ஆனால் இரண்டு வீடு தள்ளி ஒழுங்காக இணைப்பெடுத்து ஓடுகிற வீட்டிலும் மின்விசிறி நின்றுவிட்டது. போய்க் கேட்டேன். "இது ஒன்கிரிட், லைனில கரண்ட் இல்லாட்டி இதுவும் நிண்டிடும், இல்லாட்டி லைன் திருத்த ஏறுறவனுக்கு அடிச்சிடும்" என்றார் அந்த வீட்டு அண்ணை. எனக்குக் காலடியில் நிலம் நழுவியது போலிருந்தது. கரண்ட் வெட்டும்போது வெளிச்சம் வேண்டும் என்றுதானே நான் தொடங்கினேன்! அதற்குப் பற்றறியும், பற்றறியோடு ஓடுகிற ஹைபிரிட் இன்வேர்ட்டரும் வேண்டும், அது வேறு விலை. ஐந்து மாதமாக என்ன வாங்கினேன் என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சொன்னார், "அண்டைக்கு வெளிச்சம் இல்லாமல் இருட்டில இருந்தம், இண்டைக்கு வெயிலைக் கூரையில கட்டி வைச்சுக்கொண்டு புழுக்கத்தில இருக்கிறம்." எனக்குச் சிரிப்பும் வந்தது.

இன்வேர்ட்டர் பிரச்சினை தீர்ந்தது என் கெட்டித்தனத்தால் இல்லை, என் வறுமையால். தகடு ஏறிய அன்று மிச்சம் 5 லட்சத்து 85 ஆயிரம் கேட்டார்கள். அக்கா அனுப்பியதையும் சேர்த்து 3 லட்சத்து 85 தான் தேறியது, இரண்டு லட்சத்தை மீற்றர் பூட்டின பிறகு தருகிறேன் என்று கெஞ்சி எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த இரண்டு லட்சம் என் கையில் இருந்தபடியால்தான் அவர்கள் போனை எடுத்தார்கள். பட்டியலில் இருக்கிற மொடலுக்கு மாற்ற மேலதிகமாக 65 ஆயிரம் என்றார்கள். உங்களுடைய கொட்டேசனில் "மின்சார சபை அங்கீகாரம் பெற்ற இன்வேர்ட்டர்" என்று அச்சடித்திருக்கிறதே என்று காட்டினேன், இழுபட்டு 30 ஆயிரத்தில் முடிந்தது. அந்த 30 ஆயிரத்தையும் கொடுத்திருக்கத் தேவையில்லை என்று இப்போது படுகிறது, அப்போது களைத்துப்போய் இருந்தேன். கடைசித் தவணையாக நல்ல ஒரு தொகையை மீற்றர் பூட்டி முதல் பில் வரும் வரைக்கும் கையில் வைத்திருங்கள், அதைக் கொட்டேசனிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கம்பனி இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்ததா என்று முதலே பாருங்கள், நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. வேறு வழியில்லாமல் போனால் முறையிட இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது, அந்த அளவுக்கு எனக்குப் போகவில்லை.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. விடுமுறையில் மின்பாவனை குறைவு, கூரைச் சோலர் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் 3 மணிவரை நிறுத்தி வையுங்கள் என்று அறிவித்தார்கள். ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் நவம்பரில் இருந்தே நாட்டுக்கு ஒத்துழைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றேன்.

2025 ஓகஸ்டில் கடைசியாக ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன், மீற்றரும் வந்தது. விலைப் பகுதியைப் பார்த்தபோது 27 இல்லை. அந்த வருடம் விலையைத் திருத்தியிருந்தார்கள், 5 கிலோவாட் வரைக்கும் 20 ரூபா 90 சதம், அதற்கு மேல் 20 கிலோவாட் வரைக்கும் 19 ரூபா 61 சதம். ஒரு தகடு கூடப் போட்டிருந்தால் அந்த இரண்டாவது விலைக்குள் விழுந்திருப்பேன், அதில் மட்டும் தப்பினேன். செப்டெம்பர் முழு மாதக் கணக்கு இது: தகடு தந்தது 612 யூனிட், நாங்கள் பாவித்தது 178, மிச்சம் 434, கைக்கு வந்தது 9,070 ரூபா. 27 ஆக இருந்திருந்தால் 11,718. மாதத்துக்கு 2,600 ரூபாவுக்கு மேல் வித்தியாசம், இருபது வருடத்துக்குப் பெருக்கினால் ஆறு லட்சத்துக்கு மேல் போகும், தகடு பழசாகித் தருவது குறையும் என்று கழித்துப் பார்த்தாலும் சின்னக் காசில்லை. பத்து மாதத்தில் ஒழுங்காகப் போயிருந்தாலும் இரண்டு மூன்று மாதம் பைலுக்கே போயிருக்கும், மிச்ச ஏழு மாதம் சும்மா போனதில், வராத காசும் கட்டின பில்லும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு லட்சம். ஓட்டு ஒழுக்கு, இன்வேர்ட்டர், அந்த நவம்பர் பில், அடகு வட்டி எல்லாம் தனி. இன்றைக்கும் பெருக்கல் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர் நான்.

அந்த இளம் ஆசிரியருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். சனிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்காதே, சனிக்கிழமை அப்பாவை இருத்தி அப்பப்பாவின் இறப்புச் சான்றிதழையும் உறுதியையும் தேடு, ஆங்கில எழுத்தை எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுப் பார். திங்கள் பெயர் மாற்றத்துக்குக் கொடு. பெயர் மாறின பிறகு உன் இணைப்புக்கும் உன் ரான்ஸ்போமருக்கும் எவ்வளவு ஏற்றலாம் என்று எழுத்தில் கேள், அந்தக் கடிதத்தோடு வங்கிக்குப் போ, வங்கி ஓம் என்ற பிறகு மூன்று கொட்டேசன் எடு, ஒவ்வொன்றிலும் இருக்கிற இன்வேர்ட்டர் மொடலைக் கடைசி எழுத்து வரைக்கும் பட்டியலோடு பார். அதற்குப் பிறகு காசு. "அப்ப விலை ஏறிடுமே அக்கா" என்றார். ஏறட்டும். தகட்டின் விலை ஏறினால் ஐம்பதாயிரம் அறுபதாயிரம். எனக்கு ஏறினது எவ்வளவு என்று மேலே இருக்கிறது.

அம்மா என் பெயரில் வந்த முதல் பில்லைக் கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இரவு பார்க்கிறேன், அந்த நூல் கட்டிய கட்டுக்கு மேலே அதுவும் இருக்கிறது. சங்கிலி இன்னும் அடகில்தான், தைப்பொங்கலுக்கு முதல் மீட்க வேண்டும்.